பழமா, காயா என்று குரல் கொடுங்கள்

விழாவுக்குத் தலைமை தாங்கும் நம் சங்கத் தலைவர் ஆரோக்கியராஜ் அவர்களே! தக்காளியைத் தொட்டதும் தரம் சொல்லும் தாய்மார்களே! பாரம் சுமந்து பழகிய பெரியோர்களே! டீ வந்ததும் கிளம்பிவிடலாம் என்று ஓரமாக அமர்ந்திருக்கும் அன்பர்களே! மண்டியில் தார்ப்பாய் கட்டும் மாதேஸ்வரனின் வணக்கம்.

முதலில் பொறுத்தருள வேண்டும். முதியோர் வகுப்பில் சேர்ந்து நானே என் கையால் எழுதிய முதல் பேச்சு இது. என் எழுத்து வத்தல்மலைப் பாதையைப் போல வளைந்து வளைந்து ஏறுகிறது. நடுவில் நான் நின்றால் உணர்ச்சிவசப்பட்டேன் என்று கைதட்ட வேண்டாம். எழுத்துக் கூட்டுகிறேன் என்று பொருள்.

நம் மண்டி வழக்கம் என்ன? பெட்டியைக் காகிதத்தால் மூடிவிடுகிறோம். உள்ளே இருப்பது லாரி மேல் நிற்பவருக்குத் தெரியாது. அதனால் கீழிருந்து கொடுப்பவர் ‘பழம்!’ அல்லது ‘காய்!’ என்று குரல் கொடுப்பார். காய் அடியில் போகும். பழம் மேலே போகும்.

குரல் கொடுப்பதில் நம் சோபனாவுக்கு இணை உண்டா? அவள் ‘பழம்!’ என்றால் பஸ்ஸில் போகிறவர் இறங்கி வந்து விலை கேட்பார். ஒரு நாள் லாரி மேலிருந்த பிரபாகர் சொன்னார்:

“வாயை மூடிக்கிட்டுக் குடு! அது கொரலா, தகர டப்பாவா? கேட்டா தக்காளியே வெடிச்சிரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். சோபனா அழுதாளா? இல்லை. சண்டைக்குப் போனாளா? இல்லை. வாயை மூடிக்கொண்டாள்.

காயம் எங்கே? கட்டு எங்கே? ஒன்றும் இல்லை. ஆனால் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். பாதிச் சோறு காக்கைக்குப் போனது. வகுப்பில் எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாக வாசிக்கிறவள், “தலைவலிங்க” என்று புத்தகத்தை மூடினாள்.

மறுநாள் பெட்டிகள் மௌனமாகக் கைமாறின. அவள் சொல்லவில்லை. இவர் கேட்கவில்லை, கேட்டால் கௌரவம் என்னாவது? பழம் அடியில் போனது, காய் மேலே போனது. நான் தார்ப்பாயை நன்றாக இழுத்துக் கட்டினேன். சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது தக்காளி அல்ல தோழர்களே, ரசம்! மிளகு மட்டும்தான் போடவில்லை.

மண்டிக்காரர் மாதவராஜ் வந்தார். “கொரல் குடுக்காதவ நாளையிலருந்து வர வேணாம்.”

சோபனா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தாள். லாரி மேலிருந்து பிரபாகர் இறங்கினார்.

“அண்ணா, அவங்க மேல தப்பில்லீங்க. வாயை மூடுன்னு சொன்னவன் நானுங்க. நிறுத்தறதுன்னா என்னை நிறுத்துங்க.”

“ரெண்டு பேரையும் நிறுத்திட்டு நானா பொட்டி தூக்கறது? போயி ஏத்துங்க.”

மறுநாள் காலை சோபனா வந்தாள். பெட்டியை நீட்டினாள். வாய் திறக்கவில்லை. பிரபாகர் குனிந்தார்.

“பழமாங்க, காயாங்க?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“பழம்! ஏன், காது தகர டப்பாவா?”

முதலில் சிரித்தவர் பிரபாகர்தான். பெட்டி மேலே போனது.

தோழர்களே! தோள் தாங்கும் சுமையைத் துணிந்து தூக்குகிறோம். மனம் தாங்காத சுமையை ஏன் அடுத்தவர் தலையில் ஏற்றுகிறோம்? பழத்தின் மேல் காயை ஏற்றினால் பழம் நசுங்கும். ஆளின் மேல் ஏளனத்தை ஏற்றினால் பசி நசுங்கும், படிப்பு நசுங்கும், பார்க்கிற வேலை நசுங்கும்! தக்காளிக்குக் காட்டும் பக்குவத்தைப் பக்கத்தில் நிற்பவருக்குக் காட்டக் கூடாதா?

என்ன பிரபாகர், அங்கிருந்து கை காட்டுகிறாய்? பெயரை அடித்துவிட வேண்டுமா? முடியாது. ‘பிரபாகர்’ என்று எழுதவே எனக்கு ஒரு மாலை ஆனது. நீ இதே மாதிரி பேசிக்கொண்டிரு. அடுத்த வாரம் உன்னைப் புகழ்ந்து எழுதுகிறேன். அப்படியே ஏழு நாளும் இருந்தால்தான்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. டீக்காகக் காத்திருந்தவர்களுக்குக் கூடுதல் நன்றி. வணக்கம்.