பொம்மைக்குப் பதில் வாப்பா

தராசைப் பிடித்தாலும் தலைமையைப் பிடித்தாலும் ஒரு பக்கம் சாயாத விழாத் தலைவர் ஹயாத்து முகம்மது ஹாஜியார் அவர்களே! முன்வரிசைக் கதிரைகளை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! பின்வரிசையில் நின்று, "இவர் எப்ப முடிப்பார்?" என்று இப்போதே கேட்கும் இளைஞர்களே! திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருந்தாலும் என் குற்றங்கள் அத்தனையும் அறிந்த தாய்மார்களே! அவர்களுள் முதல் சாட்சியான என் மனைவி பளீலாவே! அஸ்ஸலாமு அலைக்கும். உடப்பிலிருந்து வந்திருக்கும் உறவுகளே, உங்களுக்கு என் வணக்கம்!

நான் எட்டாம் வகுப்பு. அதையும் இரண்டு தடவை படித்தவன். இன்று நீங்கள் பாராட்டக் கூடியிருக்கும் என் மகள் டாக்டர் ஜெமீலாவோ பட்டத்தோடு நிற்காமல் பட்டப்பின் படிப்பும் முடித்துவிட்டாள். கருவாட்டுக்கடை பதுர்தீனுக்கு இப்படியொரு பிள்ளையா என்று கேட்கிறீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன்!

என்ன வீரகத்தி அண்ணே? "தாயின்ர மூளை, பதுர்தீன் நானா" என்கிறீர்களா? ஓம், ஒப்புக்கொள்கிறேன். என்னுடையது அப்படியே புத்தம் புதிதாக வீட்டில் இருக்கிறது, பாவிக்காமல்!

இரண்டு வருடம். குடும்ப மருத்துவம், அவசர சிகிச்சை. திங்கள் முதல் வெள்ளி வரை நமது ஆஸ்பத்திரி. சனி, ஞாயிறு கொழும்பில் வகுப்பு. இடையில் இருப்பது யுத்த காலத்துப் பாதை. இறங்கு, அடையாள அட்டையைக் காட்டு, ஏறு. இறங்கு, பையைத் திற, ஏறு. அந்தப் பையிலே ஒருநாள் என்ன இருந்தது தெரியுமா? ஓர் ஆள்! நெஞ்சை அமுக்கிப் பழகுவதற்கு ஆசிரியர் கொடுத்தனுப்பிய, இடுப்புவரை உள்ள ரப்பர் பொம்மை. சோதனைச் சாவடியில் காவல் நின்ற ஆமிக்காரத் தம்பி துணியை விலக்கினான். மொட்டைத்தலை! நீட்டிய துவக்கோடு இரண்டடி பின்னால் பாய்ந்தான்.

என் மகள் என்ன செய்தாள்? நடுங்கினாளா? இல்லை! நடுறோட்டில் பொம்மையைக் கிடத்தி, நெஞ்சை அமுக்கிக் காட்டினாள். பஸ்ஸே இறங்கி வட்டம் கட்டியது. கொண்டக்டர் "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணினார். கடைசியில் ஆமிக்காரனும் முழங்காலிட்டு அமுக்கிப் பார்த்தான்!

அதற்குப் பிறகு பொம்மையைத் தர ஆசிரியருக்குப் பயம், சுமக்க மகளுக்குப் பயம். வீட்டிலோ இடுப்புக்கு மேலும் கீழும் உள்ள ஒரு பொம்மை சும்மா கிடந்தது. அதுதான் நான்!

நல்லவேளை, நெஞ்சை அமுக்கவில்லை. நோயாளியாக நடிப்பதே என் வேலை. திங்கள் ஆஸ்துமா, செவ்வாய் பாம்புக்கடி, புதன் வயிற்றுக்குத்து. அவள் கேள்வி கேட்பாள், தட்டிப் பார்ப்பாள். நான் போடும் சத்தத்தில் மூன்று வீடு தள்ளிக் கோழிகள் கலையும். "பாம்பு கடிச்சா இவ்வளவு பாட்டு வருமா வாப்பா?" என்று கேட்பாள். "நல்ல பாம்பு, மகள்!" என்பேன்.

சிரியுங்கள், சிரியுங்கள். இனித்தான் கதை.

கடைசிப் பரீட்சைக்கு முதல்நாள். வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த நேரம். ஆஸ்பத்திரியில் அரைநாள் லீவு சொல்லி, மூன்று மணி பஸ்ஸில் அவள் புறப்பட வேண்டும். நான் பாயில் சாய்ந்தேன். நெஞ்சிலே உப்பு மூட்டை ஏறி உட்கார்ந்தது போல ஒரு பாரம். இடக்கை விறைத்தது. வேர்வை வழிந்தது.

பளீலா எட்டிப் பார்த்தாள். "இண்டைக்கும் நடிப்பா? புள்ளைக்கு பஸ்ஸுக்கு நேரமாகுது, எழும்புங்க!"

அவளைக் குறை சொல்லலாமா? இரண்டு வருடத்தில் அவள் பார்த்த என் மரணங்கள் மட்டும் பதினேழு!

ஜெமீலா செருப்பை மாட்டியபடி சலாம் சொல்ல வந்தாள். பார்த்தாள். "உம்மா, வாப்பா ஏன் சத்தம் போடல்ல?"

பை விழுந்தது. பரீட்சை விழுந்தது. ஒரு குளிசையை மென்று விழுங்கச் சொன்னாள். வெங்காய லொறியை மறித்தாள். என்னை ஏற்றிக்கொண்டு புத்தளம் பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தாள். அதே சாவடி, அதே தம்பி, அவன் சிங்களத்தில் மல்லி. "இண்டைக்கும் பொம்மையா, டொக்டர் நோனா?"

"இல்ல மல்லி, எங்கட வாப்பா."

தடைமரம் ஒரே தூக்கில் உயர்ந்தது. அடையாள அட்டை கேட்கவில்லை. வெங்காயத்தையும் கிளறவில்லை!

கண் விழித்ததும் அழுதேன். "என்னால ஒண்ட சோதின போச்சே, மகள்."

"நான் படிச்சதே இந்த வேலைக்குத்தானே வாப்பா? சோதின வீட்டுக்கே வந்திட்டு."

தவறிய பரீட்சைக்கு ஒரு வருடம் காத்திருந்தாள். எழுதினாள். வென்றாள்!

சபையோரே, ஒன்று கேட்கிறேன். முழுநேரமாகப் படிக்க அவள் ஊரை விட்டுப் போயிருந்தால், அந்த வெள்ளிக்கிழமை என் வாசலில் யார் நின்றிருப்பார்? வார நாட்களில் உங்கள் குழந்தையின் காய்ச்சலை யார் பார்த்திருப்பார்? உங்கள் கிணற்றடிப் பாம்புக்கடியை யார் பார்த்திருப்பார்? படிப்புக்காக அவள் ஊரை விடவில்லை. ஊருக்காகப் படிப்பையும் விடவில்லை. இரண்டையும் இரண்டு கையில் பிடித்து, எத்தனையோ சாவடி கடந்தாள். இன்று அவள் பெயரோடு ஒட்டியிருக்கும் எழுத்துகளை எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அவற்றின் பொருள் தெரியும். அந்தப் பொருள் இதோ, உங்கள் முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறது!

தலைவர் மணியை அடித்துவிட்டார். கூடிய உங்களுக்கும், கூட்டியவர்களுக்கும், தூக்கிய தடைமரத்துக்கும் என் நன்றி. அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இப்போது சத்தமில்லாமல் உட்காரப் போகிறேன்.

மகள், பதறாதே. இது பேச்சு முடிந்த மௌனம்தான்!