இரண்டாவது கட்டில்

— அந்தப் பெட்டியைப் பிரிக்காதீங்க அத்தை. அது ஜன்னல் திரை. கம்பி மாட்டினப்புறம் பிரிச்சாப் போதும்.

— பிரிக்கலை தாயே, தொட்டுத்தான் பார்த்தேன். முப்பது வருஷம் தையல் மிஷினோட குடித்தனம் பண்ணினவ, துணியைத் தொடக்கூடவா கூடாது? நீளம் பத்தாது. ஜன்னலுக்கு முழங்கால் தெரியும்.

— அளந்துதான் வாங்கினேன்.

— எதால அளந்த, ஊசிக் குழாயாலயா? ரத்தம் எடுக்கறது உன் வேலை, துணி என் வேலை. ஒரு வார்த்தை கேட்டிருந்தா தச்சே குடுத்திருப்பேன்.

— கேட்டா மட்டும் என்ன சொல்லியிருப்பீங்க? உங்க பிள்ளை போனதுலேருந்து நான் எது கேட்டாலும் உங்ககிட்டேருந்து வர்றது ஒரே ஒரு "ம்" தான்.

— ம்.

— இதோ.

— சரி, என் பையை எங்க வைக்கட்டும்?

— உள்ள வைங்களேன். வீடு காலியாத்தானே கிடக்கு.

— வேண்டாம். வாசல்கிட்டயே இருக்கட்டும். பழைய வீட்டுச் சாவியைக் குடுத்தாச்சு, புது வீட்டையும் கண்ணால பார்த்தாச்சு. சாயங்காலம் என் பொண்ணு வண்டியோட வருவா, ஏறிப் போயிட்டே இருப்பேன்.

— போறதுன்னா போங்க. அதுக்காக நடக்கிற வழியில வைக்கணுமா? சாமான் தூக்கிட்டு வர்றவங்க தடுக்கி விழுவாங்க.

— என் பை கூடத் தடுக்குதா உனக்கு? நல்லது. இந்த அடுப்பை ஏன் ஜன்னலை ஒட்டி வச்சிருக்க? காத்து அடிச்சா அணைஞ்சு போகும்.

— அந்த மேடையிலதான் காஸ் குழாய் வருது. வேற எங்க வைக்கறது, ஹால்லயா?

— எனக்கென்ன, நீ தலைமேல வச்சுக்கிட்டுச் சமை. குளிக்கிற ரூம்ல துண்டுக் கம்பியை மாட்டினவன் யாரு? கண் தெரியாதவனா? இடுப்பு உயரத்துல போட்டிருக்கான். துண்டைப் போட்டா அது தரையைத் துடைக்கும்.

— அது அங்கதான் இருக்கணும்.

— இருக்கட்டும், இருக்கட்டும். உன் வீடு, உன் கம்பி. நாற்காலி ஏன் ரெண்டோட நிறுத்திட்ட? அவன் இருந்திருந்தா நாலு வாங்கியிருப்பான்.

— அவர் இருந்திருந்தா இந்தச் சாப்பாட்டு மேஜையே வந்திருக்காது. தட்டை மடியில வச்சுக்கிட்டு டிவி முன்னாடி உட்கார்ந்துடுவார். யார் வளர்த்த லட்சணமோ.

— என் வளர்ப்பைச் சொல்லு, கேட்டுக்கறேன். ஆனா நான் கேட்டதுக்குப் பதில் வரலை. ஒரு நாற்காலி உனக்கு. இன்னொண்ணு யாருக்கு?

— உட்கார்றவங்களுக்கு.

— அதான் யாருன்னு கேக்கறேன்.

— இப்ப அதுல உட்கார்ந்திருக்கறது யாரு?

— மூணு மாடி ஏறி வந்தேன், காலு வலிச்சுது, உட்கார்ந்தேன். உட்கார்ந்ததெல்லாம் எனக்குன்னு ஆயிடுமா? பஸ்லகூடத்தான் உட்கார்றேன்.

— மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, கதவு திறந்திருந்துது. நான் கட்டில் ஃபிட்டர். பலகை, ஸ்க்ரூ எல்லாம் மேல ஏத்தியாச்சு. எந்த ரூம்ல பூட்டட்டும்?

— வாங்க. பெரிய ரூம்ல ஒண்ணு, பாத்ரூம் பக்கத்து ரூம்ல ஒண்ணு.

— தப்பா எடுத்துக்காதீங்க மேடம். வந்திருக்கறதே ஒரு கட்டில்தான்.

— ரெண்டுக்குச் சொல்லியிருந்தேனே. உங்க முதலாளிகிட்ட நானேதான் பேசினேன்.

— ரெண்டுதான் எடுத்து வச்சிருந்தோம். காலையில வண்டி ஏத்தறதுக்கு முன்னாடி உங்க நம்பருக்குப் போன் போட்டாரு முதலாளி. ஒரு பெரியம்மா எடுத்து, ஒண்ணு போதும், இன்னொண்ணை அங்கயே வச்சுக்கோங்கன்னாங்களாம். அதை இறக்கிட்டோம்.

— அத்தை.

— என்ன?

— நான் குளிச்சுட்டிருந்தப்ப என் போனை எடுத்தீங்களா?

— அடிச்சுது, எடுத்தேன். போன் அடிச்சா எடுக்கறது குத்தமா?

— கட்டில் வேண்டாம்னு சொன்னது?

— சொன்னேன். இப்பவும் சொல்றேன். இது என் பிள்ளை ஓடி ஓடி உழைச்சு வாங்கின வீடு. சுவருக்கு என்ன கலர்னுகூட அவன்தான் சொல்லிட்டுப் போனான். அந்தச் சுவர் காயறதுக்குள்ள இங்க இன்னொருத்தனுக்குக் கட்டில் போடறதைப் பார்த்துட்டு வாயில விரலை வச்சுக்கிட்டு நிக்க நான் பொம்மை இல்லை.

— இன்னொருத்தனா? எந்த இன்னொருத்தன்?

— எனக்கென்ன தெரியும்? கார்ல கொண்டுவந்து விடறாரே, உங்க லேப் மேனேஜர்.

— அவருக்கு ரிட்டயர் ஆகற வயசு. பல் செட்டைக் கழட்டி வச்சுட்டுத்தான் அவரால டீயே குடிக்க முடியும்.

— பல்லு போனா ஆம்பளை இல்லையா?

— தப்பா எடுத்துக்காதீங்க மேடம், நான் வேணா கீழே போய் ஒரு டீ குடிச்சுட்டு வரட்டுமா?

— வேண்டாம், நில்லுங்க. நீங்க போயிட்டா இந்த அம்மா அப்படிச் சொல்லவே இல்லைன்னுடுவாங்க. சொல்லுங்க அத்தை, இப்படி ஒரு நெனப்பு எப்படி வந்துது உங்களுக்கு?

— உன்னோட ஒரே கூரைக்குள்ள இருந்தவதானே நான், எனக்குத் தெரியாதா? ஊரார் ரத்தத்துல ஒரு சொட்டு எடுத்து என்ன வியாதின்னு சொல்லிடுவ. பக்கத்துல படுத்திருந்தவன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டப்போ உனக்கு ஒண்ணும் தெரியலை. அப்பவே உன் நெனப்பு வேற எங்கயோ இருந்திருக்கு.

— நான் ஆஸ்பத்திரி போலாம்னேன். வாய்வாத்தான் இருக்கும், வெந்நீர் குடிச்சாச் சரியாயிடும்னு கையில டம்ளரைக் குடுத்தது யாரு?

— எனக்கு என்ன தெரியும், நான் தையக்காரி.

— எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உங்க பேச்சைக் கேட்டேன். இத்தனை மாசமா அதைச் சொல்லக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டிருந்தேன். இன்னிக்கு நீங்களே வாயைக் கிண்டி எடுத்துட்டீங்க. திருப்திதானே?

— மேடம், ஸ்க்ரூ டிரைவர் வண்டியிலயே இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்.

— உங்க கையிலதான் இருக்கு. நில்லுங்க. அத்தை, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. இன்னொருத்தன்னு எதை வச்சுச் சொன்னீங்க?

— உன் வாயை வச்சுத்தான். முந்தாநாள் பால்கனியில நின்னுக்கிட்டு போன்ல குசுகுசுன்னு பேசினியே. "நாங்க ரெண்டு பேர்தான்"னு சொன்ன. என் காதால கேட்டேன். இல்லைன்னு சொல்லு பார்ப்போம்.

— சொன்னேன்.

— பார்த்தியா. நான் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவதான், ஆனா பேச்சு புரியும். என்னைச் சேர்த்துச் சொல்லியிருந்தா "நாம ரெண்டு பேர்"னு வந்திருக்கும். "நாங்க"ன்னா அதுல நான் இல்லை. அப்ப அந்த ரெண்டாவது ஆள் யாரு?

— நான் யார்கிட்டப் பேசினேன் அத்தை?

— எவன்கிட்டயோ.

— கட்டில் கடைக்காரர்கிட்ட. இதோ நிக்கிறாரே, இவரோட முதலாளிகிட்ட. வீட்டுல எத்தனை பேர்னு கேட்டாரு. அவர்கிட்டப் போய் "நாம ரெண்டு பேர்"னா சொல்றது? அவரும் இங்க வந்து படுக்கறதுக்கா?

— தப்பா எடுத்துக்காதீங்க பெரியம்மா, அப்படிச் சொல்லியிருந்தா எங்க முதலாளி கடையைப் பூட்டிட்டு ஓடியிருப்பாரு.

— நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அத்தை, குளிக்கிற ரூம்ல இருக்கிறது துண்டுக் கம்பி இல்லை. நீங்க உட்கார்ந்து எழுந்திருக்கும்போது பிடிச்சுக்கறதுக்கு. பழைய வீட்டுல தண்ணிக் குழாயைப் பிடிச்சு எழுந்து எழுந்து ரெண்டு தடவை அதைப் பிடுங்கினீங்களே, ஞாபகம் இருக்கா? அதுக்குத்தான். ராத்திரி நாலு எட்டு வச்சாப் போதும்னுதான் உங்க கட்டிலை அந்தப் பக்கத்து ரூம்ல போடச் சொன்னேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?

— பொண்ணு வீட்டுக்குப் போறேன், பொண்ணு வீட்டுக்குப் போறேன்னு மூட்டை கட்டிட்டே இருந்தீங்க.

— போறேன்னா "போ"ன்னுடறதா? "போகாதீங்க"ன்னு உன் வாயிலேருந்து வருதான்னு பார்த்தேன். முத்து உதிர்ந்துடுமா?

— "நானும் வரட்டுமா"ன்னு உங்க வாயிலேருந்து வருதான்னு நான் பார்த்தேன். வாயால கூப்பிட்டா நீங்க முறுக்கிக்குவீங்க. கட்டிலைக் கண்ணால பார்த்தா ஒண்ணும் சொல்லாமப் போய்ப் படுத்துக்குவீங்கன்னு நெனச்சேன். உங்க கட்டிலை நீங்களே திருப்பி அனுப்புவீங்கன்னு நான் கனவா கண்டேன்?

— ம்.

— அந்த "ம்"மை இன்னும் விடலையா?

— மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நேரமாகுது. இருக்கிற இந்த ஒரு கட்டிலை எந்த ரூம்ல பூட்டறதுன்னு சொல்லிட்டீங்கன்னா...

— அந்த அம்மாவையே கேளுங்க. ஆர்டர் மாத்தறதெல்லாம் அவங்கதான்.

— இங்க வாப்பா தம்பி. இந்தக் கட்டிலை மகாராணியோட ரூம்ல போடு. காலையில ஊசி பிடிக்கிற கை, தூங்கலைன்னா நடுங்கும். எனக்கு இன்னிக்குத் தரை போதும். அந்தப் பையை வாசல்லேருந்து எடுத்து உள்ள வச்சுடு, யாராவது தடுக்கி விழப் போறாங்க. உங்க முதலாளிக்குப் போன் போட்டியானா, ஒரு தையக்காரி அளக்காமக் கத்திரி வச்சுட்டான்னு சொல்லு. ஒரு கட்டில் பத்தாதாம்னு சொல்லு. நாங்க ரெண்டு பேர்.