பக்கத்துப் போர்ஷனில் வைத்த பெட்டி

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மலிவாகத் தங்க இடம் தேடுகிறவர்கள், கட்டிலைப் பார்ப்பதற்கு முன்னால் அடுப்பைப் பார்க்க வேண்டும். கட்டில் ஒரு ராத்திரிக்குத்தான். வயிறு மறுநாளும் கூடவே வரும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நாராயணவனத்துக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊருக்காக அப்படி ஓர் இடத்தைத் தேடிப் பிடித்தவன் நான். ஆந்திர மாநிலம் பிரிந்து, எல்லைக் கிராமங்களில் எது எந்தப் பக்கம் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊரைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று சித்தூர் வக்கீல் ஜீவரத்தினம் இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுத்தார். ஊரே கைநாட்டு வைத்தது. அதை டெல்லிக்குக் கொண்டுபோக என் அக்காள் புருஷன் தணிகாசலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்குக் கணீரென்ற குரல் உண்டு, கோட்டும் உண்டு. ஊர் சேர்ந்தால் திருப்பதியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு முடியும் வளர்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பத்திரிகைக்கு வட்டாரச் செய்தி எழுதுகிறவன். விமானத்தைப் பற்றி எங்கள் தாலுகாவிலேயே அதிகம் படித்தவன். மாமா படித்தது பஞ்சாங்கம் ஒன்றுதான். ஊர் முடிவை நான் ஏற்றுக்கொண்டேன்.

புதன்கிழமை காலை அதிகாரி பார்ப்பார் என்று தந்தி வந்தபோது, ரயிலில் போய்ச் சேர நேரமில்லை. கடலை விற்ற பணத்தை ஊரார் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை விமானத்துக்கு டிக்கெட் வாங்கவும் தங்க இடம் பார்க்கவும் என்னை முன்னால் அனுப்பினார்கள். வேண்டுதல் முடியும்வரை மாமா ஓட்டலில் சாப்பிடமாட்டார். ஆகவே அக்காள் அம்சவேணியும் வந்து சமைக்க வேண்டும், அடுப்போடு கூடிய இடம் வேண்டும்.

மூன்று இடங்கள் பார்த்தேன். பல்லாவரத்தில் ஒரு சத்திரம். அடுப்பு இருந்தது, அதில் நாய் குட்டி போட்டிருந்தது. தோல் கிடங்குக்குப் பின்னால் ஒரு மாடி அறை. அங்கே ரசத்தின் வாசனையே தெரியாது. மூன்றாவது, ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஓட்டு வீடு. வரிசையாகப் போர்ஷன்கள், ஒவ்வொன்றிலும் சமையலறை, பொதுவில் கிணறு. பக்கத்துப் போர்ஷனில் நாகேந்திரன் என்ற பிரம்மச்சாரி இருந்தார். விமான நிலையத்தில்தான் வேலை. நல்ல மனிதர். அதையே பேசி முடித்தேன்.

திங்கள் சாயங்காலம் இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கி, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்ததும் அக்காளின் முகம் மாறியது. செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். டெல்லி வடக்கே இருக்கிறது.

"சூலத்துக்கு எதிர்ல எப்படிடா அனுப்பறது? தாலி கட்டின கழுத்துடா இது" என்றாள்.

இதற்கு நம் பெரியவர்கள் பரஸ்தானம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நல்ல நேரத்தில் பயணப் பெட்டியை மட்டும் இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே புறப்பட்டதாகக் கணக்கு. மறுநாள் எந்த வேளையிலும் ஆள் கிளம்பலாம். பெட்டி மட்டும் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. நான் அதை நினைவுபடுத்தினேன். விளக்கு வைக்கும் முன்பே கோட்டும் மனுவும் இருந்த பெட்டி நாகேந்திரன் போர்ஷனுக்குப் போய்விட்டது. டிக்கெட் என் சட்டைப் பையில் இருந்தது. வாங்கியவன் நான்தானே.

காலையில் மாமா குளித்து, இட்லி சாப்பிட்டு, பெட்டியை எடுக்கப் போனார். கதவில் பூட்டு தொங்கியது. நாகேந்திரன் இருட்டிலேயே வேலைக்குப் போயிருந்தார்.

"பூட்ட ஒடச்சிடலாமா சம்பத்து?" என்றார் மாமா.

பரஸ்தானம் வைத்த வீட்டின் பூட்டை உடைத்தால் சூலத்தைவிடப் பெரிய தோஷம் என்றேன். அப்படி எங்கும் எழுதியிருப்பதாக எனக்குத் தெரியாது. ஆனால் நியாயமாகப் பட்டது.

"நீங்க இங்கியே ஒக்காருங்க மாமா. சாவிய நான் வாங்கிக்கினு வரேன்."

விமான நிலையத்துக்குச் சாவி வாங்கத்தான் போனேன். அங்கே ஒலிபெருக்கியில் தணிகாசலம், தணிகாசலம் என்று கூப்பிட்டார்கள். கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லாமல் நிற்பது மரியாதை இல்லை. சீட்டு காலியாகப் போனால் ஊர்ப் பணமும் வீண். நாகேந்திரனைப் பார்த்தாயா என்று கேட்கலாம். பார்த்தேன். விமானத்துக்குப் படிக்கட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார். வேலையில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. வணக்கம் சொல்லிவிட்டு ஏறினேன்.

ஜன்னல் ஓரம் கிடைத்தது. மேலிருந்து பார்த்தால் ஆந்திரா எது, சென்னை எது என்று தெரியாது. அதை உடனே குறித்துக்கொண்டேன்.

டெல்லியில் அதிகாரி மனுவைக் கேட்டார். பெட்டியில் இருக்கிறது என்றேன். பெட்டி எங்கே என்றார். முந்தாநாளே புறப்பட்டுவிட்டது, ஆனால் இன்னும் கிளம்பவில்லை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பக்கத்து ஊர்கள் சில சென்னைப் பக்கம் போயின. எங்கள் ஊர் போகவில்லை. அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆகாயப் பயணம் பற்றிய என் கட்டுரை பத்திரிகையில் அரைப் பக்கம் வந்தது. ஊருக்கு அதுவும் ஒரு பெருமைதான். தமிழ் வாத்தியாரை மாற்றிவிட்டார்கள். மாமாவின் மகள் இப்போது வாய்ப்பாட்டைத் தெலுங்கில் ஒப்பிக்கிறாள். மாமா வியாபாரத்துக்கு அடிக்கடி திருப்பதி போகிறார், போன முடியோடு திரும்பி வருகிறார். அது இடுப்பைத் தொட்டுவிட்டது. என்மேல் அவருக்கு வருத்தமில்லை. "டிக்கெட்டாவது வீணாகாம பாத்துக்கினான்" என்று எல்லாரிடமும் சொல்கிறார்.

அவருக்குத் தலை பின்னிவிடும்போது அக்காள் மட்டும் ஒரு நாள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "சூலம் வடக்க இல்லடா. எங்கள பஸ்ஸு புடிக்க அனுப்பிட்டு, முன்னாடியே போய் வூடு பாத்துக்கினு இருந்திருக்கு."

பெண்கள் மனத்தாங்கலில் எதையாவது சொல்வார்கள்.

அந்த வீடு இன்றும் வாடகைக்குக் கிடைக்கிறது. அடுப்பு புகையாது, கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். சூலம் பார்க்கிற குடும்பமாக இருந்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். பக்கத்துப் போர்ஷன்காரர் காலையில் எப்போது பூட்டிக்கொண்டு போவார் என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

நான் விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.