கண்ணாடியை இறக்கி ஓட்டவும்

எனக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. அலுவலகத்தில் கேட்டால் இல்லை என்பார்கள். என் மனைவியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், கார் பழுதாகும் வரை.

மேடு ஏறினால் காருக்கு மூச்சு வாங்கியது. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் அடைத்துவிட்டது என்றார். புதுசு வர ஆறு வாரம் ஆகுமாம்.

"அதுவரைக்கும் அதைக் கழட்டிட்டு நேர் பைப் போட்டுடுங்க. சைலன்சரையும் மாத்திடுங்க. சத்தம் கம்பீரமா வரட்டும்."

"கல்யாணம் ஆன ஆளு, உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?"

"வீட்லதான் சத்தம் போட முடியலை. ரோட்டுலயாவது போடுறேன்."

அவர் சிரிக்கவில்லை.

பைப்பைப் பொருத்திக் கொடுத்தார். முன்சீட்டுக்கு அடியில் வரும் இணைப்பைத் தற்காலிகமாக இறுக்கியிருப்பதாகவும், ஒரு வாரத்தில் வந்தால் பற்றவைத்துத் தருவதாகவும் சொன்னார். "மறந்துடாதீங்க சார். புகை உள்ள கசியும். சத்தமில்லாம ஆளைத் தூக்கிடும்." ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதித் தந்தார்: கண்ணாடியை இறக்கி ஓட்டவும். மடித்து டாஷ்போர்டுக்குள் வைத்தேன்.

அன்று மாலை மனைவியை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். கார் உறுமியது. முடி கலையும் என்று அவள் தன் பக்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். நான் வழக்கம்போல முழங்கையை வெளியே போட்டு ஓட்டினேன். அரை மணி நேரத்தில் ஊரைத் தாண்டினோம்.

"இந்தக் காரு உங்கப்பா மாதிரி," என்றேன். "ஆளு வர்றதுக்கு முன்னாடியே சத்தம் வந்துடுது."

அவள் அப்பாவை இழுத்தால் இரண்டு நாள் பேச மாட்டாள். அன்று விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போதும்ங்க, தலை சுத்துது," என்றாள். எனக்கும் லேசாக மிதப்பது போலிருந்தது.

பிறகு தினமும் போனோம். பிழைக்கத் தெரியாத என் மேனேஜரைப் பற்றிச் சொன்னேன், சிரித்தாள். மழை வரும் போலிருக்கு என்றேன், அதற்கும் சிரித்தாள். மூன்று வருடக் கல்யாணத்தில் அப்படி ஒரு மாதம் எங்களுக்கு வாய்த்ததில்லை. மெக்கானிக் மூன்று முறை போன் செய்தார். வருகிறேன் என்றேன்.

நான் படித்தவன். சோதிக்காமல் எதையும் நம்புவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு அதே மாமனார் ஜோக்கைச் சொன்னேன்.

"எங்கப்பாவை விட்டா உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த தெருவில் கண்ணாடிகளை ஏற்றினேன். கால் மணி நேரத்தில் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது.

கடைசி நாள் நல்ல மழை. பாலத்தில் ஒரு லாரி படுத்துவிட, வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. ஏசி ஓடட்டும் என்று எஞ்சினை அணைக்காமல் இறங்கினேன்.

"எங்க போறீங்க?"

"என்ன அடைப்புன்னு பாத்துட்டு வர்றேன்."

"சும்மா வராதீங்க. புதுசா ஏதாவது சொல்லணும்," என்றாள். அப்போதே சிரித்துக்கொண்டிருந்தாள்.

லாரியை நகர்த்த முக்கால் மணி நேரம் ஆயிற்று. நானும் கை கொடுத்துத் தள்ளினேன். தள்ளிக்கொண்டே யோசித்ததில், இதுவரை சொன்னதிலெல்லாம் நல்ல ஜோக் ஒன்று கிடைத்தது. ஓடி வந்தேன். அவள் கண்ணாடியில் சாய்ந்திருந்தாள். கன்னம் நன்றாகச் சிவந்திருந்தது. உட்கார்ந்து, கதவைச் சாத்தி, ஜோக்கை முழுசாகச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. அதை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கும் மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், இன்ஸ்பெக்டர் சார். சீட்டு இன்னும் டாஷ்போர்டில் இருக்கிறது. அவர் சொன்னது எனக்குப் புரிந்திருந்தது. புரிந்துதான் கண்ணாடிகளை ஏற்றினேன்.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாள் அந்த மாமனார் ஜோக்குக்கு அவள் தானாகத்தான் சிரித்தாள். அப்போது நாங்கள் கிளம்பி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.