கள்ளிமேட்டுத் தோட்டத்து ஏசிப் பொட்டி பற்றி ஆறுச்சாமி சொன்னது

பெயர் ஆறுச்சாமி, வயது ஐம்பத்து நாலு, தகப்பனார் பெயர் காலஞ்சென்ற வேலப்பன், தொழில் விவசாயம், விலாசம் சித்தூர் தாலுக்கா, வேலந்தாவளம் ரோடு, கள்ளிமேட்டுத் தோட்டம், வடக்குப் பாகம். 1977-ம் வருடம் மே மாதம் ஸ்டேஷனில் வைத்துக் கொடுத்த வாக்குமூலம். எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது என்பதால் ஹெட் கான்ஸ்டபிள் அப்புசாமி தமிழிலேயே எழுதினார். நான் சொல்கிறபடியே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டதன் பேரில் அப்படியே எழுதப்பட்டது.

எந்தம்பி ஈஸ்வரமூர்த்தி ஆசுபத்திரியில கட்டோட படுத்துக்கிட்டுப் புகார் குடுத்திருக்கானாமுங்க. கரண்டு வந்தது தெரிஞ்சும் நான் வாயத் தொறக்காம நின்னு வேடிக்கை பார்த்தேனாம், அவன் ரெண்டு வெரல் போனதுக்கு நாந்தான் காரணமாம். இது நெசம்னு ஆச்சுன்னா எனக்கு ஜெயில்னு எஸ்.ஐ. ஐயா சொன்னாரு. அதனால நடந்ததை வரிசையாச் சொல்றேன், நடுவுல யாரும் மறிக்க வேண்டாமுங்க.

எனக்கும் அவனுக்கும் பேச்சு வார்த்தை கெடையாது. கெணத்துத் தண்ணி முறையில வந்த சண்டை, ஒம்பது வருசம் ஆச்சு. ஒரே ஊட்டை நடுவுல செவுரு வெச்சுப் பிரிச்சுக்கிட்டோம், வடக்கே நான், தெக்கே அவன். எதாச்சும் சொல்லியே ஆகோணும்னா எங்கூட்டுக்காரி மருதாத்தாகிட்டத்தான் சொல்லுவோம். நான் சொல்றது அவன் காதுல நல்லாவே உழுகும். இருந்தாலும் மருதாத்தா ஒருக்காத் திருப்பிச் சொன்னாத்தான் அவன் பதில் சொல்லுவான். நானும் அப்படித்தான். அவ வாயில வந்தாத்தான் எங்க ரெண்டு பேருக்கும் கணக்கு. எனக்கு அவம்மேல பாசம் கீசமெல்லாம் ஒண்ணும் கெடையாது, அதையும் எழுதிக்குங்க.

அவனுக்கு ரெண்டு லாரி இருக்குதுங்க, வாளையார் வழியாக் கோயமுத்தூர் போய் வரும். போன வருசம் அப்படி ஒரு நடையில பழைய ஏசிப் பொட்டி ஒண்ணை ஏத்திக்கிட்டு வந்தான். அவன் ரூமுக்கு வேற செவுரே இல்லீங்களா? எங்க பக்கத்துச் செவுத்தை ஒடைச்சுத்தான் மாட்டுனான். அவனுக்கு உள்ளார குளுகுளுன்னு காத்து, பின்னால வர்ற சூடெல்லாம் எங்க மாட்டுக் கட்டுத்தரையில நிக்கற எருமை மூஞ்சியில. எருமை பால் சுண்டிப்போச்சு. மருதாத்தா மூலமாக் கேட்டதுக்கு, "எருமைக்கும் ஒரு பொட்டி வாங்கி மாட்டச் சொல்லுங்க அண்ணி"ன்னான். என்ன எகத்தாளம் பாருங்க.

அதுக்கப்புறம் மழைக்காலம், பனிக்காலமெல்லாம் பொட்டி சும்மாவே கெடந்தது. சித்திரை வெயிலுக்கு மறுபடியும் போட்டிருக்கான், உர்ருன்னு மொனகல் மட்டும் வந்திருக்குது, காத்து வரலை. மெக்கானிக்கு கோயமுத்தூர்ல இருந்து வரோணும். இவன் பெரிய இஞ்சினியரு, நானே பாத்துக்கறேன்னு எறங்கிட்டான். மொத நாள் ப்ளக்கைக் கழட்டிக் கழட்டி மாட்டுனான். அடுத்த நாள் முன்னால இருக்கற வலையக் கழுவிக் காயப் போட்டான். திருகுற குமிழைத் திருகித் திருகிக் கையில எடுத்துட்டான். காத்து மட்டும் வரலீங்க.

எனக்கு அது அன்னைக்கே தெரியும். ஏன்னா எருமை பழையபடி அந்தச் செவுத்தோரமா வந்து படுத்துக்கிச்சு. சூடு வந்தா அது அங்க படுக்குமா? முன்னாலயும் காத்து இல்லை, பின்னாலயும் சூடு இல்லை, மோட்டார் மட்டும் மொனகுதுன்னா விசிறி எங்கியோ சிக்கிக்கிச்சுன்னுதானுங்க அர்த்தம். பம்புசெட்டு வெச்சிருக்கற எவனுக்கும் இது தெரியும். மருதாத்தாகிட்டச் சொல்லி விட்டேன். "அவருக்கு மோட்டாரைப் பத்தி என்ன தெரியும், சாணி கரைச்சு ஊத்தத்தான் தெரியும்"னு பதில் வந்தது. பம்புல தண்ணி ஏறலைன்னா நாங்க சாணித்தண்ணி ஊத்தித்தான் எடுப்போம், அவனும் ஊத்துனவன்தான். லாரி வந்ததும் அவனுக்கு அது மறந்துபோச்சு.

அதுக்கப்புறம், சம்பவத்தன்னைக்கு மத்தியானம் லைன்ல கரண்டு போச்சு. ஊரு பூராவுக்குமே கரண்டு இல்லை, லைன்மேனைக் கேட்டுப் பாருங்க. அவன் திருப்புளியை எடுத்துக்கிட்டு எங்க பக்கம் வந்தான். பொட்டியோட பின்பக்கம் எங்கட்டுத்தரையில இருக்குதே, வேற வழியில்லை. "அண்ணி, எருமையச் சித்தெ அக்கட்ட மாத்திக் கட்டச் சொல்லுங்க"ன்னான். "எருமை அது எடத்துலதான் நிக்குது, பொட்டிதான் அதுக்குப் பொறவு வந்துச்சுன்னு சொல்லு"ன்னேன். மருதாத்தா ரெண்டையும் சொல்லிப்போட்டு அவளே எருமைய மாத்திக் கட்டுனா. நான் மேக்கே புளியமரத்தடியில கட்டில்ல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன்.

பின்னாடித் தகரத்தைக் கழட்டுனான். உள்ளார அணில் கூடு கட்டி வெச்சிருக்குது, தென்னை நாரெல்லாம் விசிறித் தண்டைச் சுத்தி இறுகிக் கெடக்குது. நான் சொன்னது சரியாப் போச்சேன்னு அவனுக்கு மூஞ்சி செவந்துபோச்சு, எனக்குச் சந்தோசமா இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். "மருதா, மொதல்ல ரூமுல சுட்சை அமத்திட்டு வரச் சொல்லு"ன்னேன். அவ சொன்னா. "ஊருக்கே கரண்டு இல்லை, எதை அமத்தறது அண்ணி?"ன்னு கேட்டுப்போட்டு முழங்கை வரைக்கும் கைய உள்ளார உட்டான். நாரைப் பிச்சுப் பிச்சு வெளிய போட்டான்.

அதுக்கப்புறம் அடுப்புல பால் பொங்குதுன்னு மருதாத்தா உள்ளார போனா. நானும் அவனும் மட்டும் இருந்தோம்.

எங்க பக்கமெல்லாம் பம்புசெட்டுச் சுட்சைப் போட்டாப்புலயே உட்டு வெப்போம், கரண்டு வந்தாத் தானே ஓடட்டும்னு. கெழக்கே கெணத்து மேட்டுல எம்மோட்டார் ஓட ஆரம்பிச்ச சத்தம் கேட்டுச்சு. அவனுக்கும் கேட்டிருக்கும், ஆனா எம்மோட்டார் சத்தம்னாலே அவன் காதுல போட்டுக்க மாட்டான். பொட்டியும் மொனக ஆரம்பிச்சது, ஆனா நாரு புடிச்சிருந்ததால விசிறி சுத்தலை. இவன் அதைக் கவனிக்காமக் கடைசி முடிச்சை வேற இழுத்துக்கிட்டிருக்கான். அது வந்துச்சுன்னா விசிறி சுத்த ஆரம்பிச்சுரும். நான் கட்டில்ல இருந்து எந்திரிச்சு ஓடுனேன். "மருதா"ன்னு ஒருக்காக் கத்துனேன். அவ எங்க வர்றது? அவ வந்து, நான் சொல்லி, அவ திருப்பிச் சொல்லி, அதுவரைக்கும் அவன் கை முழுசா இருக்குமா?

அதனால நானே கூப்புட்டேன். "ஈஸ்வரா, கைய எடுடா"ன்னேன்.

சம்பவத்தன்னைக்கு எஸ்.ஐ. ஐயா வந்து கேட்டப்போ நான் பதில் சொல்லலை. அது குத்தம் செஞ்சதால இல்லீங்க. ஒம்பது வருசம் வீம்பா இருந்துட்டு நாந்தான் மொதல்ல பேசுனேன்னு ஊர் முன்னால எப்படிச் சொல்லுவேன்? எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம்னு இருந்தது. இன்னைக்கு ஜெயிலுன்னதும் சொல்றேன்.

அவன் புகாரை எனக்குப் படிச்சுக் காட்டுனீங்க. "எந்தச் சத்தமும் இல்லை, நான் திரும்பிப் பார்த்தபோது அண்ணன் பேசாமல் நின்றிருந்தார், அப்போதே விசிறி சுற்றி விரல்கள் துண்டாயின"ன்னு அவனே எழுதி வெச்சிருக்கான். மோட்டார் இருக்கறது கெழக்கே. பொட்டி இருக்கறது தெக்கே, அவன் மூஞ்சிக்கு நேரா. நான் நின்னது மேக்கே. சத்தமே இல்லைன்னா, கடைசி முடிச்சு கையில இருக்கறப்போ, இவன் எதுக்குங்க மேக்கே திரும்புனான்? எம்மூஞ்சியப் பாக்கறதுக்கு அவனுக்கு அவ்வளவு ஆசையா?

நான் கூப்புட்டேன், அதான் திரும்புனான். அவன் பேரு என் வாயில வந்ததும் ஆடு மாதிரி முழிச்சுக்கிட்டு எம்மூஞ்சியவே பாத்தான், கைய எடுக்க மறந்துட்டான். கை பாட்டுக்கு நாரை இழுத்துருச்சு. அவன் கைய என் துண்டால கட்டுனதும் நாந்தான், ரோட்டுல ஜீப்பு மறிச்சு ஏத்துனதும் நாந்தான். வேற ஆளு யாராச்சும் கத்தியிருந்தாக் கைய எடுத்திருப்பான். நான் பேசாம இருந்து அவன் வெரல் போகலீங்க, பேசுனதாலதான் போச்சு. அதுக்கு என்ன சட்டமோ அதைப் போடுங்க.

மேலே கண்டதைத் தமிழில் வாசிக்கக் கேட்டேன். கூட்டியோ குறைத்தோ நான் எதுவும் சொல்லவில்லை, யாரும் சொல்லித் தரவும் இல்லை. இதை ஈஸ்வரமூர்த்திக்குப் படித்துக் காட்டுவதானால் மருதாத்தாளைக் கூப்பிட வேண்டாம், நான் சொன்னதாக நேராகவே சொல்லலாம் என்று தெரிவித்துக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வே. ஆறுச்சாமி