ஆரஞ்சு நிறக் குடை

எனக்குப் பொழுதுபோக்கு என்று எதுவும் கிடையாது, சார். சும்மா படுத்துக்கிடப்பதைச் சேர்த்துக்கொள்வீர்கள் என்றால் அது ஒன்றுதான். அதற்கும் எனக்குக் கொடுப்பினை இல்லை.

வாரம் முழுக்க ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நின்றுகொண்டே விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறேன். வீடு திரும்பும்போது கால் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்திருக்கும். என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் நாற்காலி வேலை. உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவருக்கு ஓட வேண்டும், ஆட வேண்டும். எனக்கு உட்கார வேண்டும். எங்கள் பொருத்தம் அப்படி.

முதலில் பேட்மிண்டன். நான் பந்து பொறுக்கினேன். பிறகு பறவைகளைப் படம்பிடித்தார். நான் மூச்சுவிட்டதில் பறந்துபோனதாகச் சொன்னார். பிறகு மலையேற்றம், மலையைப் பார்த்ததும் அவருக்கு முட்டி வலித்தது. மட்டை, கேமரா, பூட்ஸ் எல்லாம் பரணில் கிடக்கின்றன. தூசி தட்டுவது நான்தான். கடைசியாக நீச்சல் பிடித்துக்கொண்டது. அதை மட்டும் அவர் விடவில்லை.

"ஏங்க, இந்த ஒரு வாரம் வீட்லயே இருப்போமே. கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது," என்பேன்.

"தூங்கறதுக்காடி லீவு விட்டிருக்காங்க? காத்தாட நிக்கப்போற. அதுக்குப் போய் அலுத்துக்கற," என்பார்.

ஊருக்கு வெளியே ஓர் ஏரி. அங்கே வேறு யாரும் வருவதில்லை. கரை முழுக்க நாணல், அதற்குள் முழங்கால்வரை இழுக்கும் சேறு. ஏறி வர ஒரே ஓர் இடைவெளிதான். கண்ணாடியைக் கழற்றிவிட்டால் அவருக்கு எதிரில் நிற்பது நானா எருமையா என்று தெரியாது. அதனால் ஆரஞ்சு நிறத்தில் பெரிய குடை ஒன்று வாங்கித் தந்தார். அந்த இடைவெளியில் நான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நிறத்தைக் குறிவைத்துத்தான் அவர் திரும்பி நீந்தி வருவார். உட்கார்ந்தால் குடையை நாணல் மறைத்துவிடும். ஆகவே நான் உட்காரக் கூடாது.

கரையேறியதும் சாப்பாடு. விடியற்காலையில் எழுந்து நான் கட்டியது. ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு ஒரு கல் கம்மி," என்பார். எந்த வாரமும் தவறியதில்லை.

போன ஞாயிறு நான் உட்கார்ந்தேன். முதலில் அவ்வளவுதான். கால் கெஞ்சியது, உட்கார்ந்தேன். குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஏரி நடுவிலிருந்து குரல் வந்தது. "ஏய், எங்கடி போய்த் தொலஞ்ச? குடையத் தூக்கு."

தூக்கியிருப்பேன். எழுந்தும் விட்டேன். ஆனால் அந்த இடத்தில் விரிக்கவில்லை. கரையோடு வெகுதூரம் தள்ளிப்போய், நாணலுக்கு மேலே தெரியும்படி விரித்தேன். அவர் உடனே அந்தப் பக்கம் திரும்பினார். நான் காட்டிய பக்கம் அவர் திரும்பியது, கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல் தடவை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பாதித் தூரம் வந்ததும் மடக்கினேன். சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்கு நடந்தேன். நான் போய்ச் சேரும்வரை என்னைக் கூப்பிட்டபடி அங்கேயே வளைய வந்துகொண்டிருந்தார். விரித்ததும் அதற்கும் திரும்பினார்.

கை போடும் வேகம் குறைந்துவிட்டது. "மூச்சு வாங்குதும்மா. எங்க இருக்க?" என்றார். என்னை அவர் அம்மா என்று கூப்பிட்டதே இல்லை. பாவமாகத்தான் இருந்தது. மறுபடி மடக்கினேன்.

அப்புறம் சத்தம் வரவில்லை. பழைய இடத்துக்கே வந்து டப்பாவைத் திறந்தேன். அவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் செய்தேன். ஆனால் கொல்ல வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை, சார். கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. "உக்காரத்தான் ஆசைன்னா, ஏரியச் சுத்தி எதுக்கும்மா அவ்வளவு தூரம் நடந்தீங்க?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

அன்றைக்கு எனக்குக் கால் வலிக்கவே இல்லை, சார்.