சிவப்பு மேலேறிய காலை

தலைமை ஏற்றிருக்கும் ஊர்த்தலைவி இலுமினாடா அம்மையார் அவர்களே! அவைக்கு அழகு செய்யும் மூத்தோரே! விடியுமுன்னே புட்டோ என்னும் அரிசிப் பலகாரம் அவித்து வைத்துவிட்டு, ஈரக் கூந்தலோடு வந்திருக்கும் தாய்மார்களே! ஆற்றின் இக்கரையாரே, அக்கரையாரே! படகுத்துறைக் கொடிக்காரன் கிறிஸ்புலோவின் விடுதலை நாள் வணக்கம்!

எத்தனையோ நாடுகள், எத்தனையோ கொடிகள். ஆனால் எங்கள் பிலிப்பைன்ஸ் கொடியைப் போல் பேசத் தெரிந்த கொடி உண்டா? நீலம் மேலே நின்றால் நிம்மதி! சிவப்பு மேலே சென்றால் சண்டை! அதே துணி, அதே தையல், அதே கயிறு. கவிழ்த்துக் கட்டினாலும் சூரியன் சூரியனாகவே சிரிக்கும், மூன்று விண்மீன்களும் மூலையில் மின்னும். அதனால்தான் ஏமாந்தேன்.

சென்ற ஆண்டு இதே நாள். ஆறெல்லாம் பனி; கம்பத்தின் உச்சி மட்டும் பனிக்கு மேலே. கனவிலே கட்டினேனோ, நனவிலே கட்டினேனோ, சிவப்பை மேலே ஏற்றிவிட்டேன்! (என்ன ஐயா, கண்ணாடியா? போட்டிருந்தேன். அதிலும் பனி!)

அக்கரையில் என் தம்பி டெல்ஃபின். ஆற்றில் மீன் பிடிக்க நட்ட வேலித் தகராறில் பதினொரு ஆண்டுகளாக எங்களுக்குள் பேச்சில்லை. அவன் பேசாத ஒவ்வொரு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பனிக்குள்ளிருந்து ஒரு படகு மிதந்து வந்தது. படகிலே தம்பி. கையிலே அரிவாள்!

வெட்டத்தான் வருகிறான் என்று நினைத்தேன். ஓடினேனா? கொடிக்கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன்.

"யாருண்ணே?" என்றான், மூச்சு வாங்க.

"யாருன்னா?"

"சண்டைன்னு கொடி ஏத்திருக்கியே! எவன் வர்றான்? எந்தப் பக்கம்?"

"நீ... என்னை வெட்ட வரலையா?"

"போண்ணே! உன்னை வெட்டணும்னா கொடி ஏத்துற வரைக்கும் காத்திருப்பேனா? சண்டைன்னு வந்தா நான் வேற யார் பக்கம் நிப்பேன்?"

அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். தப்பாகக் கட்டிவிட்டேன் என்று சொன்னதும், "கிழவனுக்குக் கண்ணும் போச்சு, புத்தியும் போச்சு" என்று திட்டிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தான்.

என் மக்களே, அன்றிலிருந்து என்னை ஒரு கேள்வி உறங்கவிடவில்லை. சிவப்பைக் கண்டு ஆறு கடந்து ஓடிவந்த அந்தக் கால்கள், நீலம் பறந்த நான்காயிரம் காலைகளில் எங்கே போயின? அவன் வரவில்லை, சரி. நான் போனேனா? என்னிடமும் படகு இருந்ததே! போர் வந்தால்தான் பாசம் வருமா? பகைவன் வந்தால்தான் தம்பி வருவானா?

இதோ, உங்கள் தலைக்கு மேலே நீலம் பறக்கிறது. பேசாதவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். இன்றைக்கே துடுப்பை எடுங்கள்! அக்கரைக்குப் போங்கள்! சிவப்புக்காகக் காத்திராதீர்கள்!

பனியிலும் பொறுமையாய்க் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. இரு கரைக்கும் என் வணக்கம்!